அணுமின் நிலையம் கூடக் கூட யுரேனியச் சுரங்கமும் புதுசா வேணுமாமே, உண்மையா? நம்மட கரை மணலுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா?

வாகரைப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். இந்த விசயம் கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே கிடக்கு, தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்தினா பெரிய உதவி.

நியூஸ் பார்த்தா எந்த நாடும் அணுமின் நிலையம் கட்டப் போறம் எண்டுதான் கதைக்குது. இந்தியா 2047க்குள்ள 100 கிகாவொட் எண்டு பட்ஜட்லயே சொல்லிட்டாங்க, சீனா வருசா வருசம் பத்துக்கிட்ட புது ரியாக்டருக்கு, அதாவது அணு உலைக்கு, அனுமதி குடுக்குது, 2023 துபாய் காலநிலை மாநாட்டுல இருபதுக்கு மேல நாடுகள் 2050க்குள்ள அணுமின்ன மூணு மடங்காக்குவம் எண்டு கையெழுத்து வச்சாங்க, இப்ப ஏஐ கம்பனிகளும் டேட்டா சென்டருக்குக் கரண்ட் வேணும் எண்டு இதுக்குள்ள வந்துட்டாங்க. நம்மட இலங்கையிலயும் அணுசக்திச் சபை இதப் பத்திக் கதைச்சிட்டுத்தான் இருக்காங்க. சரி, ரியாக்டர் கட்டுறது ஒரு பக்கம் கிடக்கட்டும், அதுக்குப் போடுற யுரேனியம் எங்க இருந்து வரும்? இருக்கிற சுரங்கம் காணுமா, இல்ல புதுசா தோண்டத்தான் வேணுமா?

மத்தது எங்கட ஊர்க்கதை. வாடைக்காத்து அடிச்சு ஓய்ஞ்ச பிறகு இஞ்ச வாகரைக் கரையில கறுப்பு மணல் வரி வரியா ஒதுங்கிக் கிடக்கும், பழைய ஸ்பீக்கர் காந்தத்தக் கிட்டக் கொண்டுபோனா ஒரு பகுதி குத்திட்டு எழும்பி வந்து ஒட்டும், மத்தது அசையாமக் கிடக்கும். அந்த இல்மனைட் எண்ட கனிமம் கலந்த மணல அள்ள விடமாட்டம் எண்டு சனம் ரோட்டுல இறங்கினது உங்களுக்கும் தெரியும். அதுக்குள்ள அணுகுண்டுச் சாமான் இருக்கு, அதுக்குத்தான் வெளிநாட்டுக்காரன் வாறான் எண்டு ஊருக்குள்ள ஒரு கதை. இதுல எவ்வளவு உண்மை? அப்பா கரைவலை இழுக்கிற ஆள், அவருக்கு நான் ஒழுங்கா ஒரு பதில் சொல்லணும்.

கல்லடி ரீச்சர்:

தம்பி, ஏஎல் பிள்ளைகளும் இதக் கேக்கிறவங்க, நான் பிசிக்ஸ் படிப்பிக்கிறதால கொஞ்சம் விரிவாவே எழுதுறன், பொறுமையா வாசிங்க.

1000 மெகாவொட் ரியாக்டர் ஒண்டு ஓட வருசத்துக்கு சுமார் 200 தொன் இயற்கை யுரேனியம் வேணும். அதுல எரியிற பகுதி, அதாவது யுரேனியம் 235, வெறும் 0.7 சதவீதம்தான், அத 3ல இருந்து 5 சதவீதம் வரைக்கும் செறிவாக்கி எடுத்தா கையில மிஞ்சுறது 27 தொன் அளவு எரிபொருள். உலகத்துல ஓடுற ரியாக்டர் கிட்டத்தட்ட 440, எல்லாத்துக்கும் சேர்த்து வருசத்துக்கு 67,000 தொன் அளவுல தேவை. ஆனா 2022ல உலகத்துச் சுரங்கம் எல்லாம் சேர்ந்து எடுத்தது 49,000 தொன் அளவுதான். அப்ப மிச்சத்த எங்கால எடுத்தாங்க எண்டு கேட்டீங்கண்டா அதுக்குள்ளதான் உங்கட கேள்விக்குப் பதிலே இருக்கு.

பனிப்போர்க் காலத்துல குண்டுக்கெண்டு தோண்டிக் குவிச்சது ஏராளம். 1993ல இருந்து 2013 வரைக்கும் ரஷ்யா தன்ட அணுகுண்டுகள்ல இருந்து எடுத்த 500 தொன் உயர்செறிவு யுரேனியத்த ஐதாக்கி அமெரிக்காவுக்கு வித்தது, அந்தக் காலத்துல அமெரிக்காவின்ட மொத்தக் கரண்ட்ல பத்துல ஒரு பங்கு அதுலதான் ஓடினது. மின்சாரக் கம்பனிகளும் தங்கட கையிருப்ப எடுத்து எடுத்து எரிச்சாங்க. பட்டறையில பழைய நெல்லுக் கிடக்கிற வரைக்கும் வயல் விதைக்காம இருந்தாலும் அடுப்பு எரியும்தானே, அப்படித்தான் இருபது முப்பது வருசம் போனது. இப்ப பட்டறை அடி தெரியத் துவங்கிட்டு.

அதோட விலையையும் பாருங்க. 2007ல ஒரு றாத்தல் 130 டொலரத் தாண்டினது, 2011ல புகுஷிமா அணு உலை விபத்து நடந்து ஜப்பான் ரியாக்டர் எல்லாத்தையும் மூடின பிறகு இறங்கி இறங்கி 2016 கடைசியில 20 டொலருக்கும் கீழ போயிட்டு. அந்த விலைக்குத் தோண்டினா சம்பளத்துக்கும் காணா. கனடாவில மக்ஆர்தர் ரிவர், நமீபியாவில லாங்கர் ஹைன்ரிக், ரெண்டும் 2018ல நிப்பாட்டினாங்க, மலாவியில கயெலெகெரா அதுக்கு முதலே 2014ல மூடிட்டு. மறுபடி 2024 ஜனவரியில விலை 100 டொலரத் தாண்டினது. மக்ஆர்தர் 2022லயே திறந்தாச்சு, லாங்கர் ஹைன்ரிக் 2024ல, கயெலெகெரா 2025ல. அதாவது முதல்ல திறக்கிறது மூடிக் கிடந்த பழைய சுரங்கம்தான், அது காணாட்டித்தான் புதுசு தோண்டுறது.

புதுசு தோண்டுறதுதான் லேசில நடக்காத காரியம். கனடாவில சிகார் லேக் எண்டு ஒரு சுரங்கம், 1981ல கண்டுபிடிச்சாங்க, 2006ல கட்டிட்டு இருக்கேக்க தண்ணி உடைச்சுப் புகுந்து முழுசா மூழ்கிட்டு, 2014லதான் முதல் தாது வெளிய வந்த. அது ஒரு மோசமான உதாரணம்தான், எண்டாலும் பொதுவா கண்டுபிடிச்ச நாள்ல இருந்து பத்துப் பதினைஞ்சு வருசம் இல்லாம ஒரு சுரங்கமும் ஓடாது. ரியாக்டர் ஒண்டு கட்டினா 60 வருசம் ஓடுற மாதிரித்தான் இப்ப கட்டுறாங்க, 200ஆல பெருக்கிப் பாருங்க, ஒரு ரியாக்டர் வாழ்நாளுக்கு 12,000 தொன். இண்டைக்கு ஒரு நாடு ரியாக்டருக்கு அடிக்கல் நாட்டுது எண்டா எங்கயோ ஒரு பாலைவனத்துலயோ காட்டுலயோ ஒரு நிலத்துக்கு இப்பவே குறி வச்சாச்சு எண்டுதான் அர்த்தம், அது எந்த நிலம் எண்டு அந்தச் சனத்துக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

கல்லாறு டூ சஸ்கட்டூன்:

ரீச்சர் அழகாச் சொல்லிட்டீங்க. நான் பெரியகல்லாறு, இப்ப இருக்கிறது கனடாவில சஸ்கட்டூன்ல. இந்த ஊருல வடக்க யுரேனியச் சுரங்கத்துக்கு, மைனுக்குப் போற ஆள் இல்லாத தெரு குறைவு. நானும் மைன் கேம்ப் ஒண்டுல கிச்சன் வேலை செஞ்சிருக்கன், அதால பார்த்தத மட்டும் எழுதுறன்.

அங்க ரோட்டால போய் வாற கதை இல்ல, சின்ன பிளேன்ல ஏத்திக்கொண்டு போவாங்க, ஒரு கிழமை வேலை, மறு கிழமை வீடு. சாப்பிட வாற ஆக்கள் எல்லாரும் கதிர்வீச்சு அளக்கிற பட்ஜ் போடுவாங்க, அதக் கொண்டுபோய் வாசிச்சு யாருக்கு எவ்வளவு பட்டிருக்கு எண்டு கணக்கு வைப்பாங்க. வேலை செய்யிறதுல கன பேர் டெனே, கிரீ எண்ட அங்கத்தைய பூர்வகுடிச் சனம், அது அவங்கட நிலம்.

ரீச்சர் சொன்ன சிகார் லேக்ல தாது 450 மீற்றர் ஆழத்துல கிடக்கு. அதுல யுரேனியம் பத்துப் பதினைஞ்சு சதவீதம் இருக்கும், அவ்வளவு செறிவுக்குப் பக்கத்துல மனிசன் நிக்கேலா. அதால குளிராக்கின உப்புத்தண்ணியக் குழாயால விட்டு அந்த நிலத்தையே உறைய வச்சு, கீழ இருந்து தண்ணிய பெரிய அழுத்தத்துல பீச்சியடிச்சுக் கரைச்சு, சேறா எடுத்து, லொறியில 70 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற ஆலைக்குக் கொண்டுபோறாங்க. கடைசியில வாறது மஞ்சள் நிறத்துல யுரேனியத் தூள், 200 லீற்றர் இரும்பு ட்ரம்மில அடைப்பாங்க, எண்ணெய் பீப்பா அளவுதான் இருக்கும், நிறை எண்டா 400 கிலோக் கிட்ட.

கனடாத் தாது செழிப்பு எண்டதால குறைய தோண்டினாக் காணும். நமீபியாவில ரோசிங் சுரங்கத்துல யுரேனியம் 0.03 சதவீதமளவுதான், 200 தொன் எடுக்க ஏழெட்டு லட்சம் தொன் கல்ல உடைக்கோணும், அதுக்கு மேல கழிவுக்கல்லு வேற. தேவை கூடக் கூட நல்ல தாது முடிஞ்சு இந்த மாதிரி மெலிஞ்ச தாதுக்குத்தான் போவாங்க, அப்ப ஒரே அளவு கரண்டுக்கு இன்னும் கூடின மலைய உடைக்க வரும். எனக்குப் பயமா இருக்கிற இடம் அதுதான்.

சம்மாந்துறை நானா:

எல்லாருக்கும் ஸலாம். வாசிச்சன், நல்ல தகவல். எண்டாலும் ஒரு பக்கம் மட்டும் பார்த்தா சரிவராது, அதையும் செல்லத்தான் வேணும்.

நம்மட நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவொட். அதுக்கு வருசத்துக்கு இருபது லட்சம் தொன்னுக்கு மேல நிலக்கரி கப்பல்ல வரோணும், மேற்கால கடல் கொந்தளிக்கிற மாசத்துல இறக்கவும் ஏலா, அதால முன்னுக்கே வாங்கிக் குவிச்சு வைக்கோணும், டொலர் இல்லாம 2022ல நாம இருட்டுக்குள்ள கிடந்தத யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அதே அளவு கரண்டுக்கு யுரேனிய எரிபொருள் 27 தொன் எண்டு ரீச்சரே செல்லிட்டாங்க. ரெண்டு வருசத்துக்குத் தேவையானத வாங்கி ஒரு களஞ்சியத்துல பூட்டி வைக்கலாம். நிலக்கரிச் சுரங்கத்துலயும் ஆக்கள் மௌத்தாகிறாங்க, அந்தச் சாம்பல் புத்தளத்துப் பக்கம் சனத்துட நெஞ்சுக்குள்ள போகுது, அதையும் கணக்குல எடுக்கோணும்தானே.

மறுகா தங்கச்சிமார் தம்பிமார் பயப்படுற மாதிரி எல்லா இடத்துலயும் மலைய உடைக்கிறதும் இல்ல. உலகத்துல எடுக்கிறதுல நாப்பது சதவீதம் அளவு கசகஸ்தான்ல, அங்க குழியே இல்ல. நிலத்துக்குள்ள குழாய் இறக்கி சல்பூரிக் அசிட் விட்டு யுரேனியத்தக் கரைச்சு பம்ப் பண்ணி எடுக்கிறாங்க. செலவும் குறைவு, கல்லு மலையும் இல்ல.

நம்மட நாட்டுக்கு 1000 மெகாவொட் ரியாக்டர் சரிவராது, அது எனக்கும் தெரியும். நுரைச்சோலையில 300 மெகாவொட் மெசின் ஒண்டு விழுந்தாலே ஊர் ஊரா கரண்ட் வெட்டுறாங்க. சின்ன ரியாக்டர் வந்தா யோசிக்கலாம் எண்டது என்ட கருத்து.

திருக்கோவில் மகள்:

நானா, நிலக்கரி பத்தி நீங்க சொன்னது முழுக்க நியாயம், அதுல எனக்கு வாதம் இல்ல. ஆனா கசகஸ்தான் கதையில ஒண்டு விடுபட்டுப் போச்சு. அந்த அசிட் நிலத்தடித் தண்ணி ஓடுற மணற்பாறைக்குள்ளதான் போகுது, எடுத்து முடிஞ்ச பிறகு அந்தத் தண்ணி பழையபடி ஆக எவ்வளவோ காலம். 2024ல அந்த அசிட்டுக்கே தட்டுப்பாடு வந்து எடுக்கிற அளவக் குறைச்சாங்க, விலை ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம். ஒரே நாட்ட நம்பி உலகத்துட ரியாக்டர் எல்லாம் நிக்குது எண்டதும் இதுல தெரியுது. அதாலதான் மத்த இடங்கள்லயும் தோண்டு தோண்டு எண்டு நெருக்குவாங்க.

ரியாக்டர் எரிபொருள் 27 தொன் எண்டு கேக்கேக்க சின்னதாத்தான் தெரியும், அது ரியாக்டர் வாசல்ல வச்சு அளக்கிற கணக்கு. சுரங்க வாசல்ல வச்சு அளந்தா வேற. யுரேனியத்தப் பிரிச்செடுத்த பிறகு மிஞ்சுற சேத்துல தாதுவில இருந்த கதிர்வீச்சில 85 சதவீதம் அப்படியே கிடக்கும். அதுல இருக்கிற ரேடியம் பாதியாக் குறையவே 1600 வருசம். கம்பனி போயிரும், சேறு போகாது.

அமெரிக்காவில நவஹோ எண்ட பூர்வகுடிச் சனத்துட நிலத்துல 1944ல இருந்து 1986 வரைக்கும் மூணு கோடித் தொன் அளவுல தாது எடுத்தாங்க, கைவிட்ட சுரங்கம் மட்டும் 500க்கு மேல, இன்னும் துப்பரவாக்கி முடியல்ல. 1979 ஜூலை 16 சேர்ச் ரொக் எண்ட இடத்துல கழிவு அணைக்கட்டு உடைச்சு ஆயிரம் தொன்னுக்கு மேல கழிவு ஆத்துல போனது, ஆடு மாடு குடிக்கிற ஆறு அது. நைஜர்ல ஆர்லித் சுரங்கம் பிரான்சுக்கு பத்துப் பத்து வருசமா வெளிச்சம் குடுத்தது, நைஜர் சனத்துல அரைவாசிக்கு மேல வீட்டுல இண்டைக்கும் கரண்ட் இல்ல. 2025ல அந்த நாட்டு அரசாங்கம் சுரங்கத்த தன்ட கையில எடுத்ததுக்குப் பின்னால இந்தக் கோபம் இல்லாம இருக்குமா? இந்தியாவில ஜார்க்கண்ட் ஜாதுகுடாவில 1967ல இருந்து தோண்டுறாங்க, அங்க கழிவுக் குட்டைக்குப் பக்கத்துல இருக்கிறது சந்தால், ஹோ எண்ட ஆதிவாசிச் சனம். எந்த நாட்ட எடுத்தாலும் பல்ப் எரியிற ஊரும் மண் தோண்டுற ஊரும் வேற வேறயாத்தான் இருக்கு. 

ஆனா சனம் எப்பவும் தோத்ததும் இல்ல. ஆஸ்திரேலியாவில ஜபிலுக்கா எண்ட இடத்துல உலகத்துலயே பெரிய யுரேனியப் படிவுல ஒண்டு கிடக்கு, மிர்ரார் எண்ட பூர்வகுடிச் சனம் பல வருசமா விடமாட்டம் எண்டு நிண்டாங்க, 2024ல அந்தக் குத்தகையப் புதுப்பிக்கல்ல எண்டு அரசாங்கம் முடிவெடுத்தது. பக்கத்துல ரேஞ்சர் எண்ட சுரங்கம் 2021ல ஓய்ஞ்சது, அத மூடித் துப்பரவாக்கிற செலவு மட்டும் 200 கோடி ஆஸ்திரேலிய டொலருக்கு மேல. பணம் உள்ள நாட்டுலயே மூடுறதுக்கு இவ்வளவு பாடு.

வாகரைப் பொடியன்:

ரீச்சர், அக்கா, நானா, கல்லாறு அண்ணன், எல்லாருக்கும் நன்றி. சுரங்கம் ஏன் கூடுது எண்டது இப்ப நல்லா விளங்குது. விலை ஏறினா கரண்ட் கம்பனிகள் யுரேனியம் வாங்குறதக் குறைக்க மாட்டாங்களா? நிலக்கரி விலை ஏறினா நாம குறைக்கிறம்தானே. அதோட என்ட மணல் கேள்வி அப்படியே கிடக்கு.

கல்லடி ரீச்சர்:

குறைக்க மாட்டாங்க தம்பி. அணுமின் நிலையத்துட செலவுல பெரும்பகுதி கட்டுறதுக்குத்தான், யுரேனியத்துட பங்கு சின்னது. கோடிக்கணக்குல கொட்டிக் கட்டிட்டு எரிபொருள் விலை இரட்டிச்சிட்டு எண்டு ஒருத்தனும் மூடி வைக்கமாட்டான், என்ன விலைக்கும் வாங்குவான். கையிருப்புக் குறையுது எண்டு தெரிஞ்சா எல்லாரும் ஒரே நேரத்துல பத்து வருச ஒப்பந்தத்துக்கு ஓடுவாங்க. அந்த ஒப்பந்தத்தக் காட்டித்தான் சுரங்கக் கம்பனி பேங்க்ல கடன் எடுக்கும். நல்ல தாது எங்க கிடக்கு எண்டு தேடுற வேலை அப்பதான் சூடு பிடிக்கும்.

மணலுக்கு வாறன். காந்தத்துல நல்லா ஒட்டுறது மக்னடைட், இல்மனைட் கொஞ்சம் மந்தமாத்தான் இழுபடும். இல்மனைட்ல இருக்கிறது இரும்பும் டைட்டேனியமும், வெள்ளைப் பெயின்ட் செய்யிற தூளுக்குத்தான் அது போகுது. குண்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா அந்த மணலோட சேர்ந்து சிர்க்கன், ரூட்டைல், மொனசைட் எண்ட வேற கனிமங்களும் வரும், புல்மோட்டைக் கரையிலயும் அப்படித்தான். மொனசைட் தேன் நிறத்துல குறுணி குறுணியா இருக்கும், அதுல தோரியம் இருக்கு, யுரேனியமும் துளியளவு இருக்கும். கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சியில இந்திய அரசாங்கம் அதப் பிரிச்செடுக்குது, தோரியத்த ஒருநாள் எரிபொருளாக்கலாம் எண்ட திட்டம் அவங்கட அணு விஞ்ஞானி ஹோமி பாபா காலத்துல இருந்து இருக்கு. தோரியம் நேரா எரியாது, ரியாக்டருக்குள்ள வச்சு யுரேனியம் 233 ஆக மாத்தோணும், உலகத்துல ஒரு நாட்டிலயும் அது வியாபார அளவுல ஓடல்ல. ஆகையால யுரேனியத்துக்காக வாகரைக்கு வாறாங்க எண்ட கதைய அப்பாட்ட சொல்லவேணாம், அது சரியில்ல.

அதுக்காக எதிர்க்கிறதுல நியாயம் இல்ல எண்டு ஆகாது. கரையில மணல் திட்டி போனா கிணத்துத் தண்ணி உவராகும், ஏனெண்டா அந்த மணலுக்குள்ளதான் மழைத்தண்ணி தேங்கி நிக்குது. பாடு, அதாவது கரைவலை போட்டு இழுக்கிற இடம், அழிஞ்சு போகும். 2004ல கடல் வந்தத பார்த்த சனத்துட்ட மணல் திட்டியத் தட்டையாக்கப் போறம் எண்டு சொன்னா அவங்க எப்படிச் சம்மதிப்பாங்க? இந்தக் காரணங்களே காணும். இல்லாத அணுகுண்டச் சேர்த்தா, அத ஒரு விஞ்ஞானி வந்து அஞ்சு நிமிசத்துல உடைச்சிட்டு, உங்கட உண்மையான காரணத்தையும் சேர்த்து ஒதுக்கிட்டுப் போயிருவார்.

சம்மாந்துறை நானா:

ரீச்சர் கடைசியாச் செல்லினத நானும் ஏத்துக்கிறன். தங்கச்சி சுரங்க வாசல் எண்டு செல்லினதும் நான் யோசிக்காத பக்கம்தான். எண்டாலும் அணுமின் வேணாம் எண்டு நான் இன்னும் செல்லமாட்டன், வாங்குற யுரேனியம் எந்த ஊர் மண்ணுல இருந்து வருது, அந்தச் சனத்துக்கு என்ன குடுத்தாங்க எண்டு கேட்டு வாங்கோணும் எண்டு செல்லுவன்.

திருக்கோவில் மகள்:

அந்தக் கேள்வி இருந்தாக் காணும் நானா.

வாகரைத் தம்பிக்கு ஒண்டு சொல்றன், இது எங்கட ஊர்ச் சனமும் 2018ல இல்மனைட் மணல் அள்ளுறத எதிர்த்து ரோட்டுல இருந்து படிச்சது. சுரங்க அனுமதி 1992ம் ஆண்டு 33ம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ புவிச்சரிதவியல் பணியகம்தான் குடுக்கும். ஆராயிற அனுமதி வேற, அள்ளுற அனுமதி வேற. சும்மா பார்க்கத்தான் வந்தம் எண்டு ஆழ்துளை போடேக்கயே என்ன அனுமதி, எந்தத் திகதி, எவ்வளவு நிலம் எண்டு எழுத்துல கேளுங்க. 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவலறியும் சட்டத்துல நாட்டுப் பிரஜை யாரும் கேக்கலாம், தமிழ்லயே எழுதலாம், காரணம் சொல்லவும் தேவையில்ல. பெரிய திட்டம் எண்டா சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைய சனத்துட பார்வைக்கு வைக்கோணும், கருத்துச் சொல்ல 30 நாள்தான் இருக்கு. பிரதேச செயலகத்துல போய் அறிக்கை வந்துட்டா எண்டு கேட்டுக்கொண்டே இருங்க, வந்தா முதல் வேலையா போட்டோக்கொப்பி எடுங்க. கரைவலைச் சங்கம், கோயில், மாதர் சங்கம் எல்லாம் தனித்தனியா கடிதம் குடுங்க, ஒரே கடிதத்துல நூறு பேர் கையெழுத்து வைக்கிறத விட அது கூடப் பெறுமதி. அப்பாட்ட சொல்லி வலை போடுற பாடு எது எது, எந்த மாசம் எங்க இழுக்கிற எண்டு இப்பவே ஒரு வரைபடத்துல குறிச்சு வைக்கச் சொல்லுங்க. அங்க மீன்பிடி இல்ல எண்டு அறிக்கையில எழுதினா காட்டுறதுக்கு அது தேவைப்படும். எழுதுறதுல ஏதும் உதவி வேணுமெண்டா இதுலயே கேளுங்க தம்பி.